மாப்பிள்ளைக் கார்

அத்தியாயம் பதினான்கு

கனகராயன்குளம் தாண்டியதும் எஞ்சின் ஒருதரம் விக்கியது.

அஜந்தன் காலை அழுத்திப் பார்த்தான். இரண்டாம் தரமும் விக்கியது. மூன்றாம் தரம் விக்க அதற்குச் சீவன் காணவில்லை. முகப்பில் ரோசாப்பூ மாலையும் கைபிடிகளில் சரிகை றிபனுமாக அந்தப் பழைய ஒஸ்ரின் கார் ஏ நைன் வீதிக் கரையில் போய் நின்றது. சோடித்துக் கூட்டிவந்த எருமை பாதி வழியில் படுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஏன்ரா நிப்பாட்டினனீ?" பின் சீற்றிலிருந்து தகப்பனின் கூடப்பிறந்த சிவலட்சுமி மாமி கேட்டார். மடியில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்த தட்டம்.

"நான் நிப்பாட்டேல்லை மாமி. அதுவா நிண்டிட்டுது."

மாமி நம்புவார். மற்ற ஆர் நம்பப்போகினம்?

தங்கச்சி யதுர்ஷிகா, தர்ஷனைத்தான் கட்டுவேன் என்று நின்ற நாள் முதல் அந்த வீட்டில் எதிர்த்து ஆகலும் உயரக் குதித்தவன் அஜந்தன்தான். தர்ஷனின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்துக் கலவரத்தில் அடிவாங்கி, உடுத்த துணியோடு வந்து, புளியங்குளத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அஜந்தனின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்தவர்கள். இரண்டு பகுதியும் வந்து ஏறியதுதான். இரண்டு பகுதியின் உள்ளங்கையிலும் மண்வெட்டிக் காய்ப்புத்தான். ஆனால் கலியாணம் என்று வந்ததும் காய்ப்பை ஆரும் பார்க்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று அஜந்தனின் தாய்மாமன் பரமேஸ்வரன் சபையில் வைத்தே சொன்னார்: "அவையளை ஏத்திவர ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டி காணும்." தர்ஷனின் தாய் சுப்பம்மா தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு அஜந்தனின் தகப்பன் தில்லைநாதன் பின்னாலே ஓடிப்போய், படலையடியில் வைத்து வாக்குக் கொடுத்தார். "நான் மாப்பிள்ளையா வந்த கார் இது. எங்கடை குடும்பத்து மாப்பிள்ளையள் எல்லாரும் இதிலைதான் வந்தவை. என்ரை மகன் போய் உங்கடை மகனை இதிலைதான் கூட்டிக்கொண்டு வருவான்."

சுப்பம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னது ஒரு சொல்தான். "கார் வந்தா கல்யாணம். வேற எது வந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன்."

ஆகவே வாடகை வான் பிடிக்கிற கதைக்கே இடமில்லை. போன கிழமை யதுர்ஷிகா, கதைக்காத அண்ணனின் அறைக்குள் வந்து, "நீ போய்க் கூப்பிடாட்டில் நான் மணவறையிலை ஏறமாட்டன்" என்று நிலத்தில் குந்தியிருந்து அழுததும், இவன் கார்த் திறப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தத் திறப்புத்தான் இப்போது காரில் தொங்கியது. கார் அசையவில்லை. பத்தரைக்கு முகூர்த்தம்.

பொனற்றைத் தூக்கியதும் பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது. பெற்றோல் பம்பின் வயிறு நனைந்து, சொட்டுச் சொட்டாக வீதியில் விழுந்துகொண்டிருந்தது.

"பம்ப் பழுதாப் போட்டுது மாமி. உள்ளுக்குக் கிடக்கிற தோல் கிழிஞ்சிட்டுது."

"புதுசு ஒண்டு வாங்கினனி எல்லோ?"

வாங்கியதுதான். பழைய கார்களை உடைத்து விற்கிற ஒருத்தரிடம், புதுக்குடியிருப்புக்குப் போய், பெட்டி பிரிக்காத பம்ப் ஒன்றை அவன் எடுத்து வந்திருந்தான். நேற்றே பூட்டியிருப்பான். தகப்பன் விடவில்லை. "ஓடுற எஞ்சினிலை கை வைக்காதை. கலியாணம் முடியட்டும்." ஓடுகிற எஞ்சினில் கை வைக்கக்கூடாது என்பது வன்னியில் வேதம் மாதிரி. ஆகப் பம்ப் டிக்கிக்குள் சப்பாத்துப் பெட்டியோடு கிடந்தது.

அவன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். புதுச் சட்டையைக் கழற்றி மாமியிடம் நீட்டினான்.

"எங்கை வைக்க? மடியிலை தட்டம்."

"தட்டத்தை நிலத்திலை வையுங்கோவன்."

"மாப்பிள்ளை அழைக்கிற தட்டத்தை நிலத்திலை வைக்கிறதோ? உனக்கு விசரே?"

மாமி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டத்தோடு பாலை மரநிழலில் போய் நின்றார். நின்ற கையோடு தர்ஷன் வீட்டுக்குப் போன் எடுத்தார். "சுப்பம்மா, கார் வழியிலை நிண்டிட்டுது, கொஞ்சம் சுணங்கும்..."

மறுபக்கத்தில் "நெனச்சேன்" என்றது குரல். பிறகு போன் வைத்த சத்தம்.

மாமி அஜந்தனைப் பார்த்தார். அஜந்தன் ஸ்பானரைப் பார்த்தான்.

இரண்டு குழாய், இரண்டு நட். நெல் வெட்டுகிற மெசினில் கிடந்து உருளுகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் நட்டு இறுகிக் கிடந்தது. ஸ்பானர் வழுக்கி விரல்மொளி சிராய்ந்தது. எஞ்சின் சூடு முழங்கையைச் சுட்டது. அவன் எஞ்சினைப் பேசினான், பம்பைப் பேசினான், பம்பு செய்தவனின் பரம்பரையைப் பேசினான்.

"நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவு!" என்று மாமி கத்தினார். கத்தியது அவனுக்கு மட்டுமில்லை. பாலை மரத்திலிருந்து குரங்கு ஒன்று இறங்கி, வாழைப்பழச் சீப்பைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தது. மாமி ஒரு கையில் தட்டம், மறுகையில் செருப்பு.

பழைய பம்ப் கழன்று வந்தது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே, அரத்தால் ராவிய ஒரு அலுமினியத் துண்டும் வந்தது. அஜந்தன் அதைத் துடைத்து, பத்திரமாகச் சில்லுக்கு மேலே மட்காட்டில் வைத்தான். கழற்றினது எப்படியோ பூட்டுகிறதும் அப்படியே. இதுவும் வேதம்தான்.

புதுப் பம்பை அந்தத் துண்டோடு வைத்து இறுக்கிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. தர்ஷனின் தகப்பன் சங்கிலி. புது வேட்டி, தோளில் பச்சைக் கரைச் சால்வை, காதில் செருகிய பீடி.

அவர் இறங்கவில்லை. காலை ஊன்றியபடி கேட்டார்.

"வண்டி நின்னுருச்சா தம்பி?"

"ஓம்."

"நின்னுருச்சா? இல்ல, நிப்பாட்டினதா?"

மூன்று மாதத்துக்கு முதல் என்றால் அந்தக் கேள்வி சரி. அப்போது அஜந்தன் உண்மையாகவே இந்தக் காரின் ரயரைக் குத்திக் காற்றை விடவும் நினைத்திருந்தான். இன்றைக்கு இல்லை. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? அவன் பழைய பம்பைத் தூக்கி அவருடைய கையில் வைத்தான். கிழிந்த தோலிலிருந்து பெற்றோல் அவர் வேட்டியில் வடிந்தது.

சங்கிலி மணந்து பார்த்தார். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நெசமாத்தான் போயிருச்சு."

"பீடியை எறியுங்கோ. பெற்றோல்."

"பத்தவே வைக்கலியேப்பா." இருந்தாலும் காதிலிருந்து எடுத்து எறிந்தார். இறங்கி வந்து சால்வையை அரையில் கட்டினார். "அங்க எங்க வீட்டம்மா வாசல்ல நிக்கிறா. உலைத் தண்ணி மாதிரி கொதிக்கிறா. 'அவய்ங்க வரமாட்டாய்ங்க'ன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. வெரசா பூட்டு."

பம்பின் அடியில் கையால் அடிக்கிற சின்ன நெம்பு ஒன்று இருந்தது. அஜந்தன் அதை அடித்தான். பம்பின் தலையிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பெற்றோல் குபுக்கென்று ஏறியது.

"வந்துட்டுது!"

"வந்திருச்சு!"

"இஞ்சை இன்னொண்டும் வந்துட்டுது!" என்று மாமி குரங்கைக் கலைத்தார்.

பற்றறி களைத்துப்போயிருந்தது. சங்கிலி காரின் முன்னுக்கு, எஞ்சினைச் சுற்றுகிற இரும்புக் கம்பியைச் செருகி, சம்பந்தி வேட்டியோடு இரண்டு சுற்றுச் சுற்றினார். கார் உறுமியது. மாமி தட்டத்தோடு ஓடிவந்து ஏறினார். அஜந்தன் கியரைத் தட்டினான். கார் பாய்ந்தது. சங்கிலி மோட்டார் சைக்கிளில் பக்கத்திலே கத்திக்கொண்டு வந்தார். ஒரு வளைவு போனது. ஒரு மதகு போனது.

பிறகு ஒரு விக்கல்.

கார் நின்றது. சங்கிலியின் சிரிப்பும் நின்றது. அந்தப் பழைய கேள்வி அவர் முகத்தில் திரும்ப வந்து குந்தியதை அஜந்தன் கண்டான்.

"ஐயா, சத்தியமா நான்..."

"சத்தியம் கித்தியம் பெறகு. வண்டியப் பாரு."

திரும்பவும் பொனற். கிண்ணம் வெறுமையாகக் கிடந்தது. கை நெம்பை அடித்தான். ஏறியது. சங்கிலியைக் கம்பியால் சுற்றச் சொன்னான். எஞ்சின் சுற்றியது, பம்பு சும்மா கிடந்தது. ஒரு சொட்டு ஏறவில்லை.

"கையாலை அடிச்சால் வருது. எஞ்சின் அடிச்சால் வரேல்லை," என்றான் தனக்குத்தானே. "அப்ப பம்பிலை பிழை இல்லை. எஞ்சின் பம்பைத் தட்டேல்லை."

எஞ்சினுக்குள்ளே சுழலுகிற தண்டில் ஒரு புடைப்பு இருக்கும். அது பம்பின் நாக்கைத் தட்டவேண்டும். தட்டத் தட்டத்தான் பெற்றோல் ஏறும். ஏன் தட்டவில்லை?

"ரெண்டும் ஒண்டுதானோ?" என்று மாமி யன்னலுக்குள்ளால் கேட்டார். "போன தீபாவளிக்கு எனக்கு வாங்கித் தந்த செருப்பு மாதிரி, ஒண்டு ஏழும் ஒண்டு எட்டுமோ?"

அஜந்தன் பாய்ந்து நட்டைக் கழற்றினான். பழைய பம்பையும் புதுப் பம்பையும் மட்காட்டில் பக்கத்துப் பக்கத்தே வைத்தான். பழையதின் நாக்கு நீளம். ஒரு சுண்டுவிரல் நகமளவு கூட. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான்.

"என்னாச்சு தம்பி? வெயில் ஏறிப்போச்சா?"

"ஐயா, இது காரின்ரை பம்பே இல்லை! பொருளாதாரத் தடைக் காலத்திலை, சாமான் ஒண்டும் வராமல் கிடக்க, அப்பா எங்கையோ நொருங்கின லொறியிலை கழட்டிப் பூட்டியிருக்கிறார். நாக்கு நீளமெண்டு இந்த அலுமினியத்தை நடுவிலை வைச்சு விலத்தியிருக்கிறார். நான் விசரன், சரியான பம்புக்கும் அதையே வைச்சுப் பூட்டியிருக்கிறன்!"

சங்கிலி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். "அந்தக் காலத்துல நாங்க மண்ணெண்ணெயில பைக் ஓட்டுனோம். ஒங்கப்பா லாரிய வச்சு காரு ஓட்டிருக்காரு. பெரிய ஆளுதான்."

"ஓடினது ஓடினபடி இருக்கட்டுமெண்டு ஒருத்தரும் கழட்டேல்லை. இவ்வளவு காலமும்!"

துண்டை எடுத்தாயிற்று. ஆனால் இரும்புக்கு இரும்பு வைத்தால் எண்ணெய் ஒழுகும். நடுவிலே மெல்லிய மட்டை ஒன்று வேண்டும். சப்பாத்துப் பெட்டி மட்டை தடித்துவிட்டது. மாமியின் கைப்பைக்குள் மிஞ்சிய கலியாண அழைப்புக் காட் ஒன்று கிடந்தது. நல்ல மட்டை, சரியான தடிப்பு.

மாமி பையை நெஞ்சோடு அணைத்தார். "பிள்ளையார் படத்தை வெட்டப்போறியோ?"

"அப்ப மற்றப் பக்கம்."

"அதிலை பொம்பிளை மாப்பிள்ளையின்ரை பேர்! பேரிலை கத்தி வைக்கிறதோ?"

"மாமி, முகூர்த்தம் போகுது!"

சங்கிலி காட்டை வாங்கி விரித்தார். "கடைசிப் பக்கம் மண்டபத்துக்கு வழி போட்டிருக்கு. அத வெட்டு. வழி நமக்குத் தெரியும்ல?"

மாமியின் வெற்றிலைப் பாக்குவெட்டியால் மண்டபத்துக்குப் போகிற வழி வெட்டுப்பட்டது. கிறீஸ் தடவி, வைத்து, இரண்டு நட்டையும் இறுக்கினான். சங்கிலி கம்பியைச் சுற்றினார்.

கிண்ணத்தில் பெற்றோல் துள்ளியது. எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு துள்ளல். காது வைத்துக் கேட்டால் டக், டக், டக். அஜந்தனுக்கு அந்தச் சத்தம் மேளம் மாதிரிக் கேட்டது. எஞ்சின் பிடித்து முழங்கியது. அவன் மிதித்தான், விட்டான், மிதித்தான். விக்கல் இல்லை.

சங்கிலி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வீதியில் ஒரு சுற்றுச் சுற்றினார். மாமி குரவை இட்டார். வீதிக்கரை மரத்துக் குரங்குகள் காட்டுக்குள் பறந்தன.

"ஏறு, ஏறு, ஏறு!" என்றார் சங்கிலி.

புளியங்குளம் சந்தியில் திரும்பி, செம்மண் ஒழுங்கைக்குள் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. முன்னுக்குச் சங்கிலி ஹோனை விடாமல் அமத்திக்கொண்டு போனார். வாசலில் பந்தல், குத்துவிளக்கு. பந்தலடியில் சுப்பம்மா. இடுப்பில் கை.

கார் நின்றது. இந்தமுறை நிப்பாட்டியபடியால் நின்றது. அஜந்தன் மாமியின் தோளில் கிடந்த சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினான்.

சுப்பம்மா காரைப் பார்க்கவில்லை. இறங்கிய அஜந்தனைத்தான் பார்த்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு. நெற்றியில் கிறீஸ். பட்டு வேட்டியில் பெற்றோல் வரைபடம். சிராய்ந்த விரல்மொளியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"வேணும்னே லேட்டாக்குறீங்கன்னு சொன்னேன்," என்றார் சுப்பம்மா. வாசலில் நின்ற சனத்துக்குக் கேட்கத்தான் சொன்னார். "தப்பு. ஒத்துக்கிறேன். கூப்பிடுங்க."

பொம்பிளையின் சகோதரன் கைபிடித்து அழைத்தால்தான் மாப்பிள்ளை வெளியே காலெடுத்து வைப்பார். அவன் கையைப் பார்த்தான். வேட்டியில் துடைத்தான். இன்னும் மோசமானது.

தலைப்பாகையோடு உள்ளே நின்ற தர்ஷன், கூப்பிடும் வரைக்கும் அசையக்கூடாது என்று சொல்லிவைத்த ஆள். முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது, அடக்கிக்கொண்டு நின்றான்.

"மச்சான், வாங்கோ. போவம்."

மூன்று மாதமாக "அவன்", "அந்தப் பெடியன்" என்று மட்டும் சொன்ன வாய். தர்ஷன் இரண்டு கையாலும் அந்தக் கறுத்த கையைப் பிடித்தான். வெள்ளைச் சட்டைக் கைமடிப்பில் ஐந்து விரலும் பதிந்தது. "ஐயோ சட்டை!" என்று ஒரு பெண் குரல் கத்த, "கெடக்கட்டும், பேசாம இரு" என்றார் சுப்பம்மா.

ஏறப்போகும்போதுதான் அடுத்த வில்லங்கம்.

மாப்பிள்ளைத் தோழன் அஜந்தன், அவன் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அப்போது கார் ஓட்டுவது ஆர்? அதற்கென்று வவுனியாவிலிருந்து வந்து காத்திருக்கவேண்டியவன் அஜந்தனின் கூட்டாளி லக்ஷன். ஆளைக் காணவில்லை. போன் எடுத்தால், "நான் மண்டபத்துக்கு பஸ் ஏறிட்டன் மச்சான். உன்ரை பரமேஸ்வரன் மாமா விடியவே போன் எடுத்துக் கார் வராதெண்டு சொன்னவரே?" என்றான்.

விடியவா? விடியக் கார் வீட்டுக் கொட்டிலில் எல்லோ நின்றது? கார் நிற்கப்போவது மாமாவுக்கு எப்படித் தெரியும்? அதை யோசிக்க இப்போது நேரமில்லை.

"நான் ஓட்டுறேன்," என்று சங்கிலி முன்னுக்கு வந்தார்.

"மாப்பிள்ளையின்ரை தகப்பன் றைவரா வந்து இறங்கினால் அங்கை நிக்கிற ஒரு வாய் சும்மா இருக்குமோ?" என்றார் சிவலட்சுமி மாமி. "தள்ளுங்கோ."

தட்டத்தைச் சுப்பம்மாவின் கையில் கொடுத்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். செருப்பைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு ஸ்ரியறிங்குக்குப் பின்னால் ஏறினார்.

"மாமி! உங்களுக்கு..."

"இருவது வருசமா உழவு மெசின் ஓட்டுறன். இதுக்குக் கொம்பே முளைச்சிருக்கு? உன்ரை கொப்பர்தான் இந்தக் காரிலை என்ரை கை பட விடாதவர். பொம்பிளையள் தொட்டால் எஞ்சின் பழுதாப் போகுமாம். தொடாமலே பழுதாப்போனதை இண்டைக்குக் கண்டம்தானே!"

சனம் கொல்லென்று சிரித்தது. சுப்பம்மா சிரிக்கவில்லை. முன் கதவைத் திறந்து, தட்டத்தோடு மாமிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"மாப்புள்ள அம்மாவுக்கு இதுல எடமிருக்குல்ல?"

"உமக்கில்லாத இடமோ? பிடிச்சுக்கொண்டிரும். கொஞ்சம் மிதிப்பன்."

கொஞ்சமில்லை. நன்றாகவே மிதித்தார். கியர் ஒருதரம் கரகரத்து, பிறகு மாமியின் கைக்கு அடங்கியது. ஏ நைன் வீதியில் ஏறியதும் கார் ஒரு பஸ்ஸை விலத்தியது. பஸ்சுக்குள்ளிருந்தவர்கள் கைகாட்டினார்கள். முன் சீற்றில் இரண்டு பொம்பிளைகள், பின் சீற்றில் தலைப்பாகையும் கிறீசும். தர்ஷன் இப்போதுதான் மூச்சுவிட்டுச் சிரித்தான். அஜந்தனும் சிரித்தான். ஏன் சிரிக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அஜந்தனின் போன் அடித்தது. தாய் இராசமலர். பின்னாலே நாதஸ்வரம், குரலில் அழுகை.

"தம்பி, எங்கை நிக்கிறியள்? பரமேஸ்வரன் மாமன் மண்டப வாசலிலை நட்டநடுவிலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறான். கார் வராதாம், வந்தாலும் தான் எழும்பமாட்டானாம். கொப்பர் கெஞ்சிப்போட்டார். சனம் பார்த்துக்கொண்டு நிக்குது. நான் என்ன செய்ய?"

போன் சத்தம் காருக்குள் எல்லாருக்கும் கேட்டது. சுப்பம்மா திரும்பவில்லை. தட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. மாமி கண்ணாடிக்குள்ளால் மருமகனைப் பார்த்தார்.

அஜந்தன் கறுத்த கையால் நெற்றியைத் துடைத்தான்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். கதிரையை ஒருத்தரும் எடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவர் அதிலையே இருக்கட்டும்."

"ஏனடா?"

"நாங்கள் நேரா அந்தக் கதிரைக்குத்தான் வாறம்."

சிவலட்சுமி மாமி காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.